எண்ணூர்க் குரலுக்கு இணையம் எதற்கு?

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து கோரமண்டல் இண்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மூச்சுத் திணறலும் கண்ணெரிச்சலுமாக ஊர் மக்கள் இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து படகுகளையும் வலைகளையும் பாழாக்கியிருந்தது. இப்படி ஒன்று நடந்து முடிந்ததும் எழுத்து வேலை குவிந்துவிடும். ஆட்சியருக்கு மனு, இழப்பீட்டு விண்ணப்பம், மருத்துவக் குறிப்பு, தீர்ப்பாயத்துக்குப் பிரமாணப் பத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் தாள் வேண்டும். நடந்ததைச் சொல்ல எல்லோருக்கும் வரும். அதைக் கோவையாக எழுதவோ தமிழில் தட்டச்சு செய்யவோ பலருக்கு வராது. ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகைக்கு மனு கொண்டுபோகிறவர் பெரும்பாலும் இன்னொருவர் எழுதித் தந்ததைத்தான் கையில் வைத்திருப்பார். எழுதித் தருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அரை மணி நேரம் சொன்னது அவர் கையில் அரைப் பக்கமாகச் சுருங்கிவிடும்.

பேசுவதைக் கணினியே எழுத்தாக்கித் தந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். அதற்கான வசதி கைப்பேசியிலேயே இருக்கிறதே என்று தோன்றலாம். இருக்கிறது, ஆனால் அந்த வசதிகளில் பல, குரலை ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, அங்கே எழுத்தாக்கித் திருப்பி வாங்குகின்றன. ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்துகொண்டே அந்த ஆலையைப் பற்றி ஒருவர் சொல்லும் புகார், அவருடைய சொந்தக் குரலில், அவர் பார்க்க முடியாத ஓரிடத்தில் பதிவாக வேண்டிய தேவை என்ன? இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில் பேச்சை எழுத்தாக்கும் வேலை, இணையம் இல்லாமல், எவரும் பிரித்துப் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருளில், மேசைமேல் இருக்கும் கணினிக்குள்ளேயே நடந்து முடிய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதற்கான தொழில்நுட்பம் இன்று கையில் இருக்கிறது. இல்லாதது, இந்தப் பகுதியின் பேச்சைக் கணினிக்குப் பழக்கும் வேலை. அது சந்தையால் நடக்காது. பொது நிறுவனங்கள்தான் செய்ய வேண்டும்.

இணையம் ஏன் தேவையில்லை என்பது, உள்ளே நடப்பதைப் பார்த்தால் விளங்கும். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற கணினி மாதிரியை எடுத்துக்கொள்வோம். மைக்கிலிருந்து வரும் ஒலியலையைக் கணினி நொடிக்கு 16,000 முறை அளந்து எண்களாக்குகிறது. விஸ்பர் பேச்சை 30 நொடித் துண்டுகளாக வாங்கிக்கொள்வதால், ஒரு துண்டில் 4,80,000 அளவீடுகள் இருக்கும். 25 மில்லி நொடி அகலமுள்ள ஒரு சாளரத்தை 10 மில்லி நொடிக்கு ஒரு முறை நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் 80 அதிர்வெண் பட்டைகளில் ஒலியின் ஆற்றல் எவ்வளவு என்று அது கணக்கிடுகிறது. நம் காது தாழ்ந்த அதிர்வெண்களை நுணுக்கமாகவும் உயர்ந்தவற்றைச் சற்றுப் பொதுப்படையாகவும் பிரித்தறிவதால், இந்தப் பட்டைகளும் கீழே நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் அமைக்கப்பட்டிருக்கின்றன. இப்படி 30 நொடிப் பேச்சு, நீளவாக்கில் 3,000 கட்டங்களும் உயரவாக்கில் 80 கட்டங்களும் கொண்ட ஒரு படமாகிறது. நரம்பு வலையமைப்பின் ஒரு பாதி இந்தப் படத்தைப் படிக்கிறது. மறுபாதி, படித்ததையும் அதுவரை தான் எழுதியதையும் சேர்த்துப் பார்த்து, அடுத்த எழுத்துத் துண்டு எதுவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாக ஊகித்து எழுதிக்கொண்டே போகிறது. இவற்றில் ஒரு படியில்கூட வெளியுலகத் தொடர்பு தேவைப்படுவதில்லை. பெரிய கணினிக்கூடமும் 6,80,000 மணி நேர ஒலியும் பயிற்சிக்குத்தான் தேவைப்பட்டன. பயிற்சி முடிந்தபின் மிஞ்சுவது எண்கள் நிரம்பிய ஒரு கோப்பு மட்டுமே. அந்தக் கோப்பை எம்ஐடி உரிமத்தில் எவரும் இறக்கிக்கொள்ளலாம்.

கோப்பு எவ்வளவு பெரியது? முதலில் வந்தவற்றில் மிகச் சிறியதில் 3.9 கோடி எண்களும், 'ஸ்மால்' எனப்படுவதில் 24.4 கோடி எண்களும், மிகப் பெரியதில் 155 கோடி எண்களும் இருந்தன. ஜார்ஜி கெர்கனோவ் என்ற நிரலாளர் அதே 2022இல் விஸ்பரை சி++ மொழியில் திருப்பி எழுதி, விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டை இல்லாத சாதாரணக் கணினியிலும் ஓடும்படி செய்தார். அவருடைய விஸ்பர்.சிபிபி நிரலில் 'ஸ்மால்' மாதிரி வட்டில் ஏறத்தாழ 470 மெகாபைட் இடத்தையும், ஓடும்போது ஒரு ஜிபிக்கும் குறைவான நினைவகத்தையும் எடுத்துக்கொள்கிறது. எண்களின் துல்லியத்தைக் கொஞ்சம் குறைத்து ஐந்து பிட் அளவுக்குச் சுருக்கினால் கோப்பு 200 மெகாபைட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு திரைப்படக் கோப்பைவிடச் சிறியது. 'இதெல்லாம் பணக்காரக் கணினியின் வேலை' என்ற முதல் ஆட்சேபத்துக்கு இந்தக் கணக்கே பதில். பேசி முடித்ததும் எழுத்து வந்து விழச் சில நொடிகள் ஆகலாம். மனு எழுதுபவருக்கு அந்தத் தாமதம் பொருட்டல்ல.

சொன்னதை எழுதும் மென்பொருள் முதலில் பரவலாக வந்ததே மேசைக் கணினியில்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1997இல் வந்த டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங், பயனரின் குரலை அவருடைய கணினியிலேயே பழகிக்கொண்டு அங்கேயே எழுதியது. ஐபிஎம்மின் வயாவாய்ஸ் லினக்ஸுக்கும் வந்தது. 2011இல் ஆப்பிளின் குரல் உதவியாளர் சிரி அறிமுகமான காலத்தை ஒட்டித்தான், கைப்பேசியின் சிறிய திறனை ஈடுகட்டக் குரல் சர்வருக்குப் பயணப்படுவது பரவலானது. அன்று அதற்கு ஒரு பொறியியல் காரணம் இருந்தது. இன்றைய லேப்டாப்புக்கு அந்தக் காரணம் பொருந்தாது. தமிழ்நாட்டில் திறந்த மூல மேசைக் கணினியும் புதிதல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007 முதல் இருக்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே மாணவர்களுக்குப் போனது. மேடை இருக்கிறது, அதில் தமிழ் எழுத விசைப்பலகையும் இருக்கிறது. குரல்தான் இன்னும் ஏறவில்லை.

'குரல் சர்வருக்குப் போனால் என்ன, யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள்?' என்று கேட்பவர்களுக்கு 2019 பதில் சொல்கிறது. அந்த ஆண்டு, ஆப்பிள், கூகுள் ஆகிய நிறுவனங்களின் குரல் உதவியாளர்களில் பதிவானவற்றில் ஒரு பகுதியை, தரம் பார்ப்பதற்காக ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுவந்தது வெளியானது. மருத்துவரிடம் பேசியது, படுக்கையறையில் பேசியது எல்லாம் அதில் இருந்தன. 2025 மார்ச் 28 முதல், எக்கோ கருவிகள் சிலவற்றில் குரலை வெளியே அனுப்பாமல் வைத்திருக்க இருந்த வாய்ப்பையும் அமேசான் எடுத்துவிட்டது. நிறுவனங்கள் தீயவை என்று சொல்வதற்காக இவற்றைக் குறிப்பிடவில்லை. சர்வரில் இருக்கும் குரலுக்கான விதியைச் சர்வர் வைத்திருப்பவரே எழுதுகிறார், அவரே மாற்றுகிறார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எழுத்தில் பெயரை மறைக்கலாம். குரலில் மறைக்க முடியாது. அடையாளம் காட்டும் உடற்கூறுகளின் பட்டியலில் கைரேகையோடும் கருவிழியோடும் குரல் அமைப்பையும் 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளே சேர்த்திருக்கின்றன.

சட்டம் இருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இரண்டும் தேவை. ஆனால் சட்டம் மீறல் நடந்த பிறகு தண்டிக்கிறது. மீறலுக்கே வாய்ப்பில்லாதபடி செய்வது கருவியின் அமைப்பு. தவிரவும், அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அறிவிக்கையின் மூலம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு இடம் தருகிறது. ஆலையோடு அரசுத் துறையையும் எதிர்த்து மனுப்போட வேண்டிய மீனவருக்கோ தொழிற்சங்கத்துக்கோ, வெளியே போகாத குரலே உறுதியான பாதுகாப்பு. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று பெரும்புயல் வரும்போது சென்னையில் தொலைத்தொடர்பும் படுத்துவிடுகிறது. சேதக் கணக்கு எழுத வேண்டிய நாட்களில் இணையம் கிடைக்காது. பேட்டரியில் ஓடும் லேப்டாப் அப்போதும் எழுதும்.

வலுவான ஆட்சேபம் துல்லியத்தைப் பற்றியது. பெரிய நிறுவனத்தின் சர்வரில் ஓடும் மாதிரி, சின்ன லேப்டாப்பில் ஓடுவதைவிட நன்றாக எழுதும் என்கிறார்கள். தமிழைப் பொறுத்தவரை பெருமளவு உண்மைதான். ஆனால் குறை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அதை நீக்கும் வழியும் தெரியும். முதற்காரணம் பயிற்சித் தரவு. விஸ்பருக்குக் கொடுத்த 6,80,000 மணி நேரத்தில், ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் எழுத்தாக்கத்துக்கு மொத்தமே 1,17,000 மணி நேரம்தான். தமிழ் அதில் ஒரு சிறு பங்கு. இரண்டாவது காரணம் எழுத்துக் குறியீடு. 'திருவொற்றியூர்' என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடு அதை 14 குறிகளாகப் பிரிக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்று மொத்தம் 42 பைட். அதே ஊர்ப்பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் 12 பைட் போதும். விஸ்பர் பைட்டுகளிலிருந்து தொடங்கி, பயிற்சியில் அடிக்கடி கண்ட தொடர்களை ஒரே துண்டாக இணைத்து வைத்துக்கொள்கிறது. தமிழை அது குறைவாகவே பார்த்திருப்பதால் தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறுகிறது. துண்டுகளை ஒவ்வொன்றாகத்தான் எழுத முடியும் என்பதால் வேகம் குறைகிறது. 30 நொடிப் பேச்சுக்கு 448 துண்டுகள் என்ற உச்சவரம்பும் இருக்கிறது. வேகமாகப் பேசும் தமிழர் அதில் முட்டிக்கொள்ளவும் கூடும். இவை தமிழின் குறையோ லேப்டாப்பின் குறையோ அல்ல. தமிழை மனத்தில் வைத்து வடிவமைத்தால் தீரக்கூடியவை.

அப்படி வடிவமைக்கும் வேலை சென்னையிலேயே நடக்கிறது. ஐஐடி மெட்ராஸில் இயங்கும் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே திறந்த மாதிரிகளையும் தரவுகளையும் வெளியிட்டுவருகிறது. 2024இல் அது வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுப்பில் 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேர் பேசிய 7,348 மணி நேர ஒலி இருந்தது. அதில் முக்கால் பங்கு, எழுதி வைத்துப் படிக்காமல் தன்போக்கில் பேசிய பேச்சு. மதிப்பீட்டு முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் பிழையைச் சொல் கணக்கில் எண்ணுவது வழக்கம். 'வந்து கொண்டிருந்தார்கள்' என்று பிரித்தெழுதிய இடத்தில் கணினி 'வந்துகொண்டிருந்தார்கள்' என்று சேர்த்தெழுதினால், அந்தக் கணக்கில் இரண்டு பிழை விழும். படிப்பவருக்கு அங்கே பிழையே கிடையாது. ஒட்டுகள் சேர்ந்து சொற்கள் நீளும் மொழிக்கு எழுத்துக் கணக்கில் பிழை பார்ப்பதே நியாயம். அப்படிப் பார்த்தால் தமிழ் மாதிரிகளின் நிலை, சொற்பிழை விகிதம் பயமுறுத்தும் அளவுக்கு மோசமில்லை.

ஆனால் வடசென்னைக்கு வரும்போது உண்மையான இடைவெளி தெரிகிறது. ஏஐ4பாரத்தின் இன்னொரு பெரிய தொகுப்பான ஸ்ருதிலிபி, அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கைகளிலிருந்து எடுத்தது. செய்தி வாசிப்பவர் 'இருக்கிறது' என்பார். காசிமேட்டில் அது 'கீது'. 'ராத்திரில மூச்சு முட்டிகினு ரோட்டாண்ட ஓடியாந்தோம், இன்னும் கண்ணு எரிஞ்சிகினே கீது' என்று ஒருவர் சொன்னால், அதில் செய்தித் தமிழில் வளர்ந்த மாதிரி அப்படியே அடையாளம் காணக்கூடிய சொற்கள் பாதிகூட இல்லை. 'கீது' கீதாவாகவோ கீதமாகவோ மாறலாம். இந்தப் பேச்சில் ழகரம் யகரமாவதால் பழம் 'பயம்' என்று ஒலிக்கும். கணினி அதை அச்சம் என்ற பொருள் தரும் பயமாகவே எழுதிவிட்டால், எழுத்துப்பிழை திருத்தி அதைப் பிடிக்காது, ஏனென்றால் அது சரியான சொல். இவற்றோடு கண்டெய்னர், யார்டு, ட்ரெய்லர், ஷிஃப்ட், லாஞ்ச், ஃபைபர் போட் என்று துறைமுகச் சொற்கள் தெலுங்கும் உருதும் கலந்த பேச்சுக்குள் வந்து விழும். சர்வரில் ஓடும் எவ்வளவு பெரிய மாதிரியாக இருந்தாலும், கேட்டிராத பேச்சை அது எழுதாது. ஆகவே 'சர்வர்தான் துல்லியம்' என்ற வாதம், எந்த இடத்தில் துல்லியம் மிகவும் தேவையோ அந்த இடத்தில் பலமிழக்கிறது. மேசைக் கணினியிலோ, ஊர்ப்பெயர்களையும் தொழிற்சொற்களையும் முன்குறிப்பாகக் கொடுத்து மாதிரியைத் தயார்படுத்தலாம். நிறையப் பதிவுகள் கிடைத்தால், வடசென்னைப் பேச்சுக்கென்றே மாதிரியை மேற்கொண்டு பயிற்றுவிக்கலாம். மூலமும் எண்களும் திறந்திருப்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

'குரலை வெளியே விடாதே என்றும் சொல்கிறீர்கள், குரலைச் சேகரிக்கவும் சொல்கிறீர்களே' என்று இங்கே ஒருவர் மடக்கலாம். இரண்டும் வேறு வேறு. புகார் சொல்லும் குரலில் பேசுபவரின் துன்பமும் வேலையும் வழக்கும் இருக்கின்றன. பயிற்சிக்குக் கேட்பது, சமையலைப் பற்றியோ சந்தையைப் பற்றியோ, முழுச் சம்மதத்தோடும் கூலியோடும் ஒருவர் பேசித் தரும் பேச்சு. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டம் 2017 முதல், கூலி இல்லாமல் ஆனால் சம்மதத்தோடு, தன்னார்வலர்களிடம் வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிப் பதிவுசெய்து, எவரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கிறது. ஆயிரம் பேர் விரும்பித் தந்த பேச்சு பொதுச் சொத்தாக இருந்தால்தான், ஆயிரத்தோராவது ஆளின் புகார் அவருடைய மேசையைத் தாண்டாமல் எழுத்தாக முடியும்.

உள்ளூரில் ஓடுவதாலேயே மென்பொருள் நம்பத்தக்கதாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விஸ்பர் சில சமயம், யாரும் பேசாததையும் எழுதும். 2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் இப்படி இல்லாத வாக்கியங்கள் முளைத்ததைக் காட்டியது. பேச்சுத் தடை உள்ளவர்களின் பதிவுகளில், இடையில் நீண்ட மௌனம் வருவதால், இது கூடுதலாக இருந்தது. காரணம் முன்பு சொன்னதேதான்: அடுத்த துண்டு எது என்று ஊகிப்பதே அதன் வேலை, ஒலி இல்லாவிட்டாலும் ஊகம் நிற்பதில்லை. மூச்சு வாங்கி வாங்கிப் பேசும் நோயாளிக்கும், கண்டெய்னர் லாரிகள் ஓயாத எண்ணூர் விரைவுச் சாலையோரத்து அறைக்கும் இது பெரிய ஆபத்து. பேச்சு இருக்கும் பகுதியை மட்டும் முதலில் பிரித்தெடுத்து அனுப்பும் சிறிய நிரலை முன்னால் வைத்தால் இது குறையும். ஒலிப்படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒலியை ஒட்டியே எழுத்தை முடிவுசெய்யும் வகை மாதிரிகளில், நீண்ட கற்பனை வாக்கியங்கள் எழும் வாய்ப்பு இன்னும் குறைவு. எப்படியானாலும் ஒரு விதி மாறக்கூடாது. கணினி எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக்காட்டி, அவர் சரி என்ற பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும்.

பாதுகாப்பிலும் கவனம் தேவை. லேப்டாப் திருடுபோனால் 'ஆஃப்லைன்' என்ற சொல் காப்பாற்றாது. வட்டைப் பூட்டிவைக்க வேண்டும். எழுத்தாகி முடிந்ததும் தற்காலிக ஒலிக்கோப்பு அழிய வேண்டும். பல லினக்ஸ் மேசைகளில் இன்று இயங்கும் வேலண்ட் திரைமுறை, ஒரு நிரல் இன்னொரு நிரலின் சாளரத்தில் தன்னிஷ்டத்துக்குத் தட்டச்சு செய்ய விடுவதில்லை. அதனால் சில டிக்டேஷன் கருவிகள் விசைப்பலகையையே போலி செய்யும் அளவுக்கு ஆழமான அனுமதி கேட்கின்றன. அந்த அனுமதி தவறான நிரலின் கையில் கிடைத்தால் அது கணினியில் எதையும் தட்டச்சு செய்யும். ஸ்பீச் நோட் போல, தன் சாளரத்திலேயே எழுதிக் காட்டி, நகலெடுத்து ஒட்டிக்கொள்ள விடும் நிரலைத் தொடக்கத்தில் பயன்படுத்துவதே நல்லது. ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறை வழியாக நிறுவினால், மாதிரிக் கோப்பை இறக்கியதும் அந்த நிரலின் இணைய அனுமதியை மட்டும் தனியாகப் பிடுங்கிவிடலாம். விஸ்பரின் எண்கள் திறந்திருந்தாலும் அதற்கு ஊட்டிய ஒலி எது என்பது வெளிப்படையாக இல்லை என்பதும் ஒரு குறையே. தரவும் திறந்திருக்கும் இந்திய மாதிரிகள் நமக்கு வேண்டும் என்பதற்கு அது இன்னொரு காரணம்.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி விசைப்பலகைக்கு அரசு ஒரு தரம் வகுத்தது. அதன் பயனைத் தமிழ் தட்டச்சு செய்யும் பலரும் இன்றும் அனுபவிக்கிறோம். குரலுக்கும் அப்படி ஒரு பொது முயற்சி தேவை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மக்களின் பேச்சைச் சம்மதத்தோடும் கூலியோடும் பதிவுசெய்து பொதுவில் வைப்பது, அதில் பயிற்றுவித்த சிறிய மாதிரியை பாஸ் லினக்ஸோடு சேர்த்தே தருவது, இ-சேவை மையத்திலும் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையிலும் அதை இணையமில்லாமல் ஓட்டுவது ஆகிய மூன்றும் புதிய கண்டுபிடிப்பு எதையும் கேட்கவில்லை. அதுவரை, தொழிற்சங்க அலுவலகத்திலோ மீனவர் சங்கத்திலோ யாராவது ஒரு டிக்டேஷன் மென்பொருளைக் கொண்டுவந்து காட்டினால் ஒரு சோதனை செய்யுங்கள். இணையக் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்துவிட்டுப் பேசிப் பாருங்கள். எழுத்து நின்றுபோனால், உங்கள் வாக்குமூலத்தை அதனிடம் சொல்லாதீர்கள்.